அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகராக: எங்கே தொடங்குவது, என்னென்ன தாள், எவ்வளவு காலம்

ஊழிய அழைப்பு இருக்கிறது என்று தோன்றியதும் முதல் வேலையாக செமினரிக்கு, அதாவது இறையியல் கல்லூரிக்கு, விண்ணப்பம் போடுகிறவர்கள் அதிகம். மூன்று வருடம் படித்து, பட்டமும் வாங்கிய பிறகுதான் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்று தெரியவரும். பிரஸ்பிட்டேரியன் ஒழுங்கில் உங்களைப் போதகராக்குவது பிரஸ்பிட்டரிதான். ஒரு வட்டாரத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்த மன்றத்துக்கு அந்தப் பெயர். இங்கே பிஷப் என்ற பதவியே இல்லை, செமினரிக்கு அபிஷேகம் பண்ணும், அதாவது முறைப்படி பொறுப்பில் ஏற்படுத்தும், அதிகாரமும் இல்லை. ஆகவே பிரஸ்பிட்டரியின் காலக் கணக்கும் செமினரியின் காலக் கணக்கும் ஒரே நாளில் ஓடத் தொடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றித்தான்.

## 1. எந்தப் பிரஸ்பிட்டேரியன் என்று முதலில் தீர்மானியுங்கள்

அமெரிக்காவில் பெயரில் பிரஸ்பிட்டேரியன் என்று உள்ள சபைப் பிரிவுகள் பல. பி.சி.யு.எஸ்.ஏ. எனப்படும் பிரஸ்பிட்டேரியன் சர்ச் யு.எஸ்.ஏ. பெரியது. இங்கே பெண்களையும் போதகர்களாக அபிஷேகம் செய்கிறார்கள், அதன் முன்னோடிச் சபை ஒன்றில் 1956 முதலே. பி.சி.ஏ. என்பது வேறு அமைப்பு. அங்கே ஆண்களுக்கு மட்டுமே அபிஷேகம், பயிற்சி ஒழுங்கும் வேறு. இ.பி.சி., ஈக்கோ, ஓ.பி.சி. ஆகிய பிரிவுகளுக்கும் தனித்தனிச் சட்டப்புத்தகம் உண்டு. ஒரு பிரிவில் முடித்த படிகள் இன்னொன்றில் தாமாகச் செல்லுபடியாகா.

சபை வாசலில் உள்ள பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். இந்தச் சபை எந்தப் பிரஸ்பிட்டரியைச் சேர்ந்தது என்று போதகரிடம் கேளுங்கள். கீழே உள்ளவை எல்லாம் பி.சி.யு.எஸ்.ஏ.வுக்கு. அதன் ஒழுங்குப் புத்தகத்துக்கு ‘புக் ஆஃப் ஆர்டர்’ என்று பெயர், போதகர் பயிற்சி அதில் ஜி-2.06 பகுதியில் இருக்கிறது. சில பக்கங்கள்தான். யாரிடமும் ஆலோசனை கேட்கப் போவதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

## 2. சபை உறுப்பினர் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

விதி இதுதான்: உங்களை அனுப்பும் சபையில் நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதம் அந்தச் சபையின் ஆராதனையிலும் வேலைகளிலும் ஈடுபட்டிருக்க வேண்டும். ஞாயிறுதோறும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவது ‘ஈடுபாடு’ என்ற கணக்கில் வராது. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, உணவு வழங்கும் திட்டம் என ஏதாவது ஒன்றில் உங்கள் பெயர் இருக்கட்டும். செஷன் உங்களைப் பற்றிப் பேசும்போது சொல்வதற்கு அவர்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே!

செஷன் என்பது அந்தச் சபையின் மூப்பர்கள் குழு. அதன் பதிவேட்டைப் பராமரிப்பவர் செஷன் கிளார்க். உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட தேதியைக் குறிப்பிட்டு அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் கணக்குக்கு மட்டுமல்லாமல், பிறகு மத ஊழியர் விசாவுக்குப் போகும்போதும் இதே தேதி கேட்கப்படும்.

ஊரில் சி.எஸ்.ஐ. சபையில் உறுப்பினராக இருந்தால் அங்கிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வரலாம். ஆனால் ஆறு மாதக் கணக்கு இங்கே ஈடுபடத் தொடங்கிய பிறகுதான்.

## 3. என்கொயரர் ஆகுங்கள்: கணக்கு தொடங்கும் நாள் இது

பயிற்சிக்கு இரண்டு கட்டம். முதலாவது என்கொயரி, அதாவது அழைப்பு உண்மைதானா என்று நீங்களும் சபையும் சேர்ந்து ஆராயும் காலம். இரண்டாவது கேண்டிடசி, அழைப்பு உறுதியானபின் ஆயத்தப்படும் காலம். இரண்டும் சேர்ந்து இரண்டு வருடத்துக்குக் குறையக் கூடாது. அதில் கேண்டிடேட்டாகக் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும். இதைச் சொல்வது ஜி-2.0602.

வரிசை இப்படிப் போகும்:

- போதகரிடம் பேசுங்கள். அவர் செஷனின் நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயரைச் சேர்ப்பார்.
- விண்ணப்பப் படிவத்தையும், விசுவாசப் பயணம், அழைப்பு, தனித்திறமைகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில்களையும் எழுதிக் கொடுங்கள்.
- செஷன் உங்களைச் சந்தித்து, பரிந்துரைக்க வாக்களிக்கும்.
- பிரஸ்பிட்டரியின் ஊழிய ஆயத்தக் குழு உங்களை நேர்காணும். எல்லோரும் அதைச் சி.பி.எம். என்றுதான் சொல்வார்கள். சில பிரஸ்பிட்டரிகளில் பெயர் மாறியிருக்கும்.
- பிரஸ்பிட்டரி உங்களை என்கொயரராகப் பதிவு செய்யும்.

தாமதம் ஏற்படுவது பெரும்பாலும் கூட்டங்களுக்கு இடையே. செஷன் வழக்கமாக மாதம் ஒரு முறை கூடும். சி.பி.எம். கூடும் மாதங்கள் இடத்துக்கு இடம் வேறுபடும், கோடை விடுமுறையில் கூடாமலும் இருக்கலாம். பிரஸ்பிட்டரியோ வருடத்தில் சில தடவைதான் கூடுகிறது. படிவம் கொடுக்கும் கடைசித் தேதியை ஒரு நாள் தவறவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதம் ஆகலாம். பிரஸ்பிட்டரி அலுவலகத்தில் அந்த வருடத்துக் கூட்டத் தேதிகள், ஒவ்வொன்றுக்குமான கடைசித் தேதி இரண்டையும் கேட்டு வாங்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். செமினரி வகுப்பு செப்டம்பரில் தொடங்குகிறது என்றால், முந்தைய குளிர்காலத்திலேயே போதகரிடம் பேசிவிட வேண்டும்.

எழுத்துப் பதில்களைப் பற்றி ஒன்று. நம்மில் பலர் ‘ஆண்டவர் என்னை அழைத்தார், நான் கீழ்ப்படிந்தேன்’ என்று சாட்சி நடையில் எழுதி முடித்துவிடுவோம். குழுவுக்கு அது போதாது. எந்த வேலையில், யாரோடு இருந்தபோது அழைப்பு தெளிவானது? மற்றவர்கள் உங்களிடம் என்ன கண்டார்கள்? எதில் நீங்கள் பலவீனம்? பலவீனம் எதுவும் இல்லை என்று எழுதுகிறவரிடம்தான் குழு நேர்காணலில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

## 4. மனநல மதிப்பீடும் பின்னணிச் சோதனையும்

பெரும்பாலான பிரஸ்பிட்டரிகள் உளவியல் மதிப்பீடு கேட்கின்றன. எழுத்துச் சோதனைகள், பிறகு உளவியலாளருடன் நேர்காணல். உங்களுக்கு நோய் இருக்கிறது என்ற சந்தேகத்தில் செய்வதல்ல, எல்லோருக்கும் உண்டு. அறிக்கையை சி.பி.எம். பார்க்க அனுமதித்து நீங்கள் கையெழுத்திட வேண்டியிருக்கும். யார் யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

செலவு பல நூறு டாலர் வரும். பல இடங்களில் நீங்கள், செஷன், பிரஸ்பிட்டரி மூவரும் பங்கிட்டுக் கொள்வதுண்டு. நீங்களாகக் கேட்டால்தான் இந்தப் பங்கீடு பற்றிச் சொல்வார்கள், ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர், வேறு நாட்டில் வளர்ந்தவர் என்பதை மதிப்பிடுபவருக்குத் தெரியப்படுத்துங்கள். பெற்றோரிடம் கேட்காமல் முடிவெடுக்கத் தயங்குவதை நம் ஊர்க் குடும்ப வழக்கமாகப் பார்க்கிறாரா, குறையாகப் பார்க்கிறாரா என்பது அதைப் பொறுத்தது.

## 5. செமினரி: பெயரைவிடப் பாடப்பட்டியல் முக்கியம்

தேவை இரண்டு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இளங்கலைப் பட்டம். அதன்மேல், இறையியல் கல்லூரிகளை மதிப்பிடும் அமைப்பான ஏ.டி.எஸ்.ஸின் அங்கீகாரம் பெற்றதும் உங்கள் பிரஸ்பிட்டரி ஏற்றுக்கொள்வதுமான இறையியல் கல்லூரியில் படிப்பு. வழக்கமாக அது எம்.டிவ். என்ற முதுநிலைப் பட்டம், முழுநேரமாக மூன்று வருடம்.

பி.சி.யு.எஸ்.ஏ.வோடு இணைந்தவை என்று பிரின்ஸ்டன், கொலம்பியா, யூனியன் பிரஸ்பிட்டேரியன், ஆஸ்டின், லூயிவில், மெக்கார்மிக், பிட்ஸ்பர்க், டுபியூக் போன்றவற்றைச் சொல்லலாம். வேறு பிரிவினர் நடத்தும் செமினரியிலும் படிக்கலாம். ஆனால் அங்கே பிரஸ்பிட்டேரியன் ஆட்சிமுறை, கால்வின் வழிவந்த சீர்திருத்த இறையியல் பாடங்கள் இல்லாமல் போகலாம். அப்போது அவற்றைத் தனியாக இணையவழியில் எடுக்க நேரமும் பணமும் ஒதுக்குங்கள்.

அடிக்கடி அடிபடுவது மொழிப்பாடத்தில். எபிரெயமும் கிரேக்கமும் படித்திருக்க வேண்டும், அதோடு அந்த மூல மொழிகளைக் கொண்டு பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் வியாக்கியானப் பாடம் எடுத்திருக்க வேண்டும். பல செமினரிகளில் இவை இல்லாமலேயே எம்.டிவ். முடிக்கலாம். பட்டச் சான்றிதழ் கையில் இருக்கும், பிரஸ்பிட்டரி மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ‘எபிரெயம் எங்கே?’ என்று கேட்கும். முதல் வருடத்தில் ஒரு மொழி, இரண்டாம் வருடத்தில் ஒரு மொழி, ஒவ்வொன்றின் பின்னும் அந்த ஏற்பாட்டின் வியாக்கியானப் பாடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மொழியையும் ஒரே பருவத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள், இரண்டும் கெடும்.

மருத்துவமனை ஆலோசகர் பயிற்சியான சி.பி.இ.யைப் புக் ஆஃப் ஆர்டர் கட்டாயமாக்கவில்லை. பல பிரஸ்பிட்டரிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு அலகு என்பது 400 மணி நேரம், கோடையில் முழுநேரமாக எடுத்தால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடியும். நல்ல மருத்துவமனைகளில் கோடைக்கான இடங்கள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். உங்கள் பிரஸ்பிட்டரிக்கு வேண்டுமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

பணம். செமினரிகள் பலவற்றில் கல்விக் கட்டணத்தின் பெரும்பகுதியோ முழுவதுமோ உதவித்தொகையாகக் கிடைக்கிறது. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, புத்தகம்தான் கையைக் கடிக்கும். திருமணமானவர் என்றால் துணைவரின் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கைக் கடிதத்தில் ‘முழு உதவித்தொகை’ என்று பார்த்துக் குதிக்காமல், குடும்பத்தோடு ஒரு வருடம் வாழ மொத்தம் எவ்வளவு என்று நிதி அலுவலகத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். செஷனும் பிரஸ்பிட்டரியும் தங்கள் என்கொயரர்களுக்குச் சிறு தொகை ஒதுக்குவதுண்டு. கேட்காதவருக்கு வராது.

## 6. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்கள் கவனத்துக்கு

பெயர். மதிப்பெண் பட்டியலில் ‘ஜெ. சாமுவேல்’, பாஸ்போர்ட்டில் ‘சாமுவேல் ஜெயராஜ்’, ஞானஸ்நானச் சான்றிதழில் வெறும் ‘சாமுவேல்’ என்றிருந்தால், பட்டத்தை மதிப்பிடும் நிறுவனமும் தூதரகமும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தும். மூன்றும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் ஊரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வந்தபின் அதைச் செய்வது பெரும்பாடு.

பட்டம். மூன்று வருட பி.ஏ., பி.எஸ்.சி., பி.காம். பட்டத்தை எல்லா செமினரியும் அமெரிக்காவின் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். மேலே ஒரு எம்.ஏ. இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியல் நேரடியாகப் போக வேண்டும் என்றால், ஊரில் ஒருவர் நேரில் நின்று வேலையை முடிக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் அவகாசம் வையுங்கள்.

பி.டி. பட்டம். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலோ பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலோ செரம்பூர் ஆட்சிக்குழுவின் கீழ் பி.டி. முடித்திருந்தால் அது மதிப்புள்ள படிப்புதான், ஆனால் ஏ.டி.எஸ். அங்கீகாரம் அதற்கு இல்லை. பிரஸ்பிட்டரி விரும்பினால் நான்கில் மூன்று பங்கு வாக்கில் இந்த நிபந்தனையைத் தளர்த்தலாம், ஜி-2.0610 இடம் தருகிறது. நடைமுறையில் ஒரு வருட முதுநிலைப் படிப்போ சில பாடங்களோ இங்கே எடுக்கச் சொல்வார்கள் என்று எதிர்பாருங்கள்.

விசா. எஃப்-1 மாணவர் விசாவுக்கு, சேர்க்கையை உறுதிசெய்யும் ஐ-20 படிவத்தை செமினரி தரும். அதற்கு முன் பண வசதிக்கான ஆதாரம் கேட்கும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இவற்றின் மேல் கட்டணங்கள் கூடுவதுண்டு, கட்டும் நாளில் மறுபடி சரிபாருங்கள். சபையில் களப்பயிற்சி செய்து உதவிப்பணம் வாங்குவதென்றால் முதலில் சி.பி.டி., அதாவது படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி, வேண்டும். ‘ஊழியம்தானே, வேலையா என்ன?’ என்று நினைத்துக் காசோலையை வாங்கினால் விசா நிலை கெட்டுப்போகும். பட்டம் முடிந்தபின் படித்த துறையில் வேலை செய்ய ஓ.பி.டி. அனுமதி 12 மாதம். ஒரு சபையிலிருந்து பணிக்கு அழைப்பு கிடைக்க அந்த 12 மாதம் போதாமல் போவது சகஜம்.

அதற்குப் பிறகு ஆர்-1 மத ஊழியர் விசா. மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடம் அதே சபைப் பிரிவில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். முதலில் 30 மாதம் வரை, மொத்தம் ஐந்து வருடம். மனு போடுவது உங்களை அழைக்கும் சபை. இரண்டாம் படியில் சொன்ன அந்தக் கடிதம் இங்கே வேலைக்கு வரும். படிக்க வந்த ஊரில் பல சபைகளுக்கு மாறிமாறிப் போய், எங்கும் உறுப்பினராகாமல் மூன்று வருடத்தைக் கழித்தவருக்கு இந்த இடத்தில் காட்ட எதுவும் இருக்காது. விசா விஷயத்தில் சபை நண்பர்களின் அனுபவத்தை நம்பி இறங்காமல் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

## 7. கேண்டிடேட் ஆவதும் வருடாந்தரச் சந்திப்பும்

என்கொயரராக இருக்கும் ஒவ்வொரு வருடமும் சி.பி.எம். உங்களைச் சந்திக்கும். மதிப்பெண் பட்டியல், களப்பயிற்சி மேற்பார்வையாளரின் அறிக்கை, சி.பி.இ. அறிக்கை ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்புங்கள். வேறு மாநிலத்தில் படித்தாலும் உங்கள் பொறுப்பு அனுப்பிய பிரஸ்பிட்டரியிடம்தான் இருக்கும், செமினரி ஊரின் பிரஸ்பிட்டரிக்கு உங்களைத் தெரியாது. செஷனுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது நாலு வரி எழுதிப் போடுங்கள். கேண்டிடேட்டாக உயர்த்த மறுபடியும் அவர்களிடம்தான் போகவேண்டும்.

செமினரியின் இரண்டாம் வருடத் தொடக்கத்தில் கேண்டிடேட் ஆகிவிட்டால் காலம் சரியாக இருக்கும். மூன்றாம் வருடக் கடைசியில் விண்ணப்பித்தால், பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடம் சும்மா நிற்க வேண்டிவரும்.

இன்னொரு எச்சரிக்கை: ஏற்கெனவே மூப்பராக அபிஷேகம் பெறாத என்கொயரரோ கேண்டிடேட்டோ திருவிருந்து, ஞானஸ்நானம் நடத்தக் கூடாது, கல்யாணம் நடத்தி வைக்கக் கூடாது, செஷனுக்குத் தலைமை தாங்கவும் கூடாது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ‘நீங்கதான் பாஸ்டராச்சே, அப்பத்தை நீங்களே பிட்டுக் கொடுங்க’ என்று அன்போடு வற்புறுத்துவார்கள். மறுத்துவிடுங்கள். பிரசங்கம் பண்ணலாம்.

## 8. ஐந்து தேர்வுகள்

செமினரித் தேர்வுகளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. பிரஸ்பிட்டரிகள் கூட்டாக அமைத்த தேர்வுக் குழு நாடு முழுவதற்கும் நடத்துகிறது. ஆண்டில் குறிப்பிட்ட பருவங்களில் மட்டும் இணையவழியில் நடக்கும், பதிவுக்குக் கடைசித் தேதி உண்டு.

வேதாகம அறிவுத் தேர்வு. 100 கேள்வி, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 70 சரியானால் தேர்ச்சி. முதல் வருடத்திலேயே எழுதிவிடலாம். சிறுவயது முதல் வேதம் வாசித்தவர்கள் அலட்சியமாகப் போய் விழுவது இதில்தான். கேள்விகள் ஆங்கில என்.ஆர்.எஸ்.வி. மொழிபெயர்ப்பை ஒட்டியிருக்கும், தமிழில் தலைகீழாகத் தெரிந்த வசனமும் ஆங்கிலத்தில் வந்தால் சட்டெனப் பிடிபடாது. சங்கீதமும் சுவிசேஷமும் நமக்கு அத்துப்படி, சின்னத் தீர்க்கதரிசிகளிலும் ராஜாக்கள் புத்தகங்களிலும்தான் மதிப்பெண் போகும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் யார், எங்கே, என்ன நடந்தது, பிரபலமான வாக்கியம் எது என்று அரைப்பக்கக் குறிப்பு எழுதி, ஆங்கிலத்திலேயே திருப்பிப் பாருங்கள்.

மற்ற நான்கும் கட்டுரைத் தேர்வுகள்: வேத வியாக்கியானம், இறையியல், ஆராதனையும் திருவருட்சாதனங்களும் (ஞானஸ்நானம், திருவிருந்து), சபை ஆட்சிமுறை. வழக்கமாக இரண்டு வருடப் படிப்புக்குப் பிறகு, சி.பி.எம். அனுமதியோடு எழுதுவார்கள். திருத்துகிறவர்கள் பிரஸ்பிட்டரிகள் தேர்ந்தெடுத்த போதகர்களும் மூப்பர்களும். உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. இருவர் திருத்துவார்கள், ஒருவர் தேர்ச்சி என்றும் மற்றவர் இல்லை என்றும் சொன்னால் மூன்றாமவரிடம் போகும்.

வியாக்கியானத் தேர்வு பல நாள் அவகாசத்தோடு, புத்தகங்களைப் பார்த்து எழுதுவது. எபிரெயத்தையோ கிரேக்கத்தையோ உண்மையில் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். உரைநூல்களிலிருந்து நாலைந்து மேற்கோளை ஒட்டிவைத்தால் தோல்விதான். இன்ன வினைச்சொல் இன்ன வடிவத்தில் இருப்பதால் பொருள் இப்படித் திரும்புகிறது, ஆகவே இந்தச் சபைக்கு இதைப் பிரசங்கிப்பேன் என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அவகாசம் முழுக்க வாசிப்பிலேயே போய்விடாமல், கடைசி நாளை எழுதித் திருத்துவதற்கு மட்டும் வையுங்கள்.

இறையியலுக்கு விசுவாச அறிக்கைகளின் தொகுப்பைப் படியுங்கள். அதில் 12 ஆவணங்கள் இருக்கின்றன, 2016இல் சேர்ந்த பெல்ஹார் அறிக்கை உட்பட. பக்தியான பொது வார்த்தைகளுக்கு மதிப்பெண் இல்லை. சீர்திருத்த மரபு இதைப் பற்றி என்ன சொல்கிறது, எந்த அறிக்கையில் சொல்கிறது என்பதற்குத்தான்.

ஆட்சிமுறையும் ஆராதனையும் மற்ற சபைகளிலிருந்து வந்தவர்களைக் கவிழ்ப்பவை. மாதிரிக்கு ஒரு சிக்கல்: ஒரு பாட்டி, தன் பேரனுக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி உங்களிடம் வருகிறார். பெற்றோர் எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்ல. என்ன செய்வீர்கள்? ‘குழந்தைகளை என்னிடத்தில் வரவிடுங்கள்’ என்ற வசனத்தோடு ஆரம்பித்து உடனே சம்மதித்தால் தேர்ச்சி இல்லை. ஞானஸ்நானத்துக்கு அனுமதி தருவது செஷன், போதகர் தனியாக முடிவெடுக்க முடியாது. பெற்றோரைச் சந்தித்துப் பேச வேண்டும், அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும், செஷனுக்குக் கொண்டுபோக வேண்டும், பாட்டியை அன்போடு நடத்தவும் வேண்டும். இத்தனையும் விடையில் வந்தாக வேண்டும், பகுதி எண்ணோடு.

அதேபோல வருடாந்தர வரவுசெலவுத் திட்டம். சபையார் கூடி வாக்களித்து நிறைவேற்றுவது என்று பலர் எழுதுகிறார்கள். இங்கே அது செஷனின் வேலை. சபைக் கூட்டம் எதையெல்லாம் தீர்மானிக்கலாம் என்பதற்கு ஜி-1.0503இல் ஒரு பட்டியல் உண்டு: மூப்பர் தேர்தல், போதகரை அழைப்பது, நிலம் கட்டடம் வாங்குவது விற்பது போன்றவை. அதை மனப்பாடமே செய்துவிடலாம்.

ஆங்கிலம் இரண்டாம் மொழி என்றால் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பதிவுக்கு முன்பே சி.பி.எம். வழியாகக் கேளுங்கள், தேர்வன்று கேட்டுப் பயனில்லை. ஒன்றில் தவறினால் மறுபடி எழுதலாம். திரும்பத் திரும்பத் தவறினால், பிரஸ்பிட்டரி நான்கில் மூன்று பங்கு வாக்கில் வேறு வழியில் சோதிக்க முடிவெடுக்கலாம். அந்தச் சலுகையை நம்பி முதல் முயற்சியில் அசட்டையாக இருக்க வேண்டாம்.

## 9. இறுதி மதிப்பீடு

படிப்பு முடியும் தறுவாயில் சி.பி.எம். கடைசியாக உங்களை விரிவாகச் சோதிக்கும். கல்லூரி, செமினரி மதிப்பெண் பட்டியல்கள், தேர்வு முடிவுகளும் விடைத்தாள்களும், விசுவாச அறிக்கை, ஒரு பிரசங்கம் ஆகியவை தேவைப்படும். விசுவாச அறிக்கையை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். திருத்துவம், வேதம், சபை, இரண்டு திருவருட்சாதனங்கள் ஒவ்வொன்றும் வந்தாக வேண்டும், ஏதாவது விட்டால் அதைத்தான் கேட்பார்கள்.

தேறினால் ‘அழைப்பு கிடைத்ததும் அபிஷேகத் தேர்வுக்குத் தயார்’ என்று பிரஸ்பிட்டரி சான்றளிக்கும். இதற்கு முன் எந்தச் சபையோடும் பணி பற்றிப் பேச்சுவார்த்தை கூடாது. தெரிந்த சபையே ஆசையாகக் கேட்டாலும் கூடாது.

## 10. அழைப்பு தேடுவது

அழைப்பு இல்லாமல் அபிஷேகம் இல்லை. ‘முதலில் அபிஷேகம் பண்ணுங்கள், பிறகு இடம் பார்த்துக்கொள்கிறேன்’ என்பது இங்கே நடக்காது. பிஷப் மாற்றல் உத்தரவு போடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிது: வேலை தேடுவதுபோல் நீங்களே தேட வேண்டும்.

பி.சி.யு.எஸ்.ஏ.வின் இணையப் பொருத்தும் முறையில் உங்கள் விவரக் குறிப்பை ஏற்றுங்கள். சபைகளும் தங்கள் குறிப்பை ஏற்றியிருக்கும். ஒவ்வொரு சபையிலும் போதகரைத் தேடும் குழு உண்டு, பி.என்.சி. என்பார்கள். முதலில் காணொலி நேர்காணல், பிறகு வேறொரு சபையில் உங்கள் பிரசங்கத்தைக் கேட்க வருவார்கள், அதன்பின் குடும்பத்தோடு அழைப்பார்கள். கடைசியில் சபையார் முன் பிரசங்கித்து, அவர்கள் வாக்களிப்பார்கள். பல மாதம் பிடிக்கும் வேலை. பெரிய நகரம்தான் வேண்டும் என்றால் இன்னும் நீளும்.

பேச்சு சம்பளத்துக்கு வரும்போது, அந்தப் பிரஸ்பிட்டரியின் குறைந்தபட்சத் தொகை என்ன என்று முதலில் பாருங்கள். அதற்குக் கீழே யாரும் தரக் கூடாது. ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும், விடுமுறை, படிப்பு விடுப்பு, இடம் மாறும் செலவு, தங்க வீடா, வீட்டுச் செலவுக்கென்று தரும் வீட்டுப்படியா, எல்லாம் எழுத்தில் வரட்டும். விசா மனுவின் செலவு யாருடையது என்பதும்.

சபை வாக்களித்தாலும் முடியவில்லை. அழைக்கும் பிரஸ்பிட்டரி உங்கள் விசுவாசம், இறையியல், வேதம், திருவருட்சாதனங்கள், ஆட்சிமுறை பற்றிச் சோதிக்கும். மன்றத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், நீட்டினால் அடுத்த கேள்விக்கு நீங்களே விதை போடுவீர்கள். தேறியபின் அபிஷேக ஆராதனைக்கு நாள் குறிப்பார்கள்.

## 11. வேறு இரண்டு வாசல்கள்

ஊரில் ஏற்கெனவே அபிஷேகம் பெற்றவர் மறுபடி அபிஷேகம் பெற வேண்டியதில்லை. ஜி-2.0505 படி, பிரஸ்பிட்டரியின் கீழ் ஒரு பணிக்கு அழைப்பு வந்தால், நன்னடத்தைச் சான்றும் கல்விச் சான்றும் காட்டி ஏற்றுக்கொள்ளப்படலாம். புலம்பெயர்ந்தோர் சபைக்கான போதகர் என்றால் கல்வித் தகுதி குறைவாக இருந்தாலும் சேர்த்துக்கொண்டு, பிறகு படிக்க ஏற்பாடு செய்ய இடமுண்டு. சீர்திருத்தச் சபை ஒன்றில் அபிஷேகம் பெற்று ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆனவருக்குத் தேர்வுகளிலிருந்து விலக்கு அளிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சி.எஸ்.ஐ. ஐக்கியச் சபை என்பதால் அந்த விலக்கு பொருந்துமா என்பதைப் பிரஸ்பிட்டரிதான் சொல்ல வேண்டும். பேராயத்திடமிருந்து நன்னடத்தைக் கடிதத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், அங்கே ஆள் மாறினால் கோப்பைத் தேடுவது கஷ்டம்.

நாற்பது ஐம்பது வயதில், வேலையை விட முடியாத நிலையில் இருப்பவர்களுக்குக் கமிஷண்ட் பாஸ்டர் என்ற வழி இருக்கிறது. அபிஷேகம் பெற்ற மூப்பர், பிரஸ்பிட்டரி ஏற்பாடு செய்யும் பயிற்சியை முடித்து, ஒரு குறிப்பிட்ட பணிக்கு மூன்று வருடம் வரை நியமனம் பெறுவது. நீட்டிக்கலாம். பிரஸ்பிட்டரி அனுமதித்தால் திருவிருந்து நடத்தலாம், கல்யாணம் நடத்தி வைக்கலாம், செஷனுக்குத் தலைமை தாங்கலாம். எம்.டிவ். தேவையில்லை. வேறு ஊருக்குப் போனால் அந்த நியமனம் உங்களோடு வராது என்பதுதான் குறை. சின்னச் சபைக்கு, தமிழ் ஆராதனைக் குழுவுக்குப் பெரும்பாலும் இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

## 12. முதல் சம்பளத்துக்கு முன் வரி வேலை

வருமான வரிக்கு நீங்கள் சபையின் ஊழியர். சமூகப் பாதுகாப்பு வரிக்கு மட்டும் சுயதொழில் செய்பவராகக் கணக்கு. அதனால் 15.3 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். சம்பளம் 40,000 டாலர், வீட்டுப்படி 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப்படிக்கு வருமான வரி கிடையாது, இந்த வரி மட்டும் உண்டு. 60,000இன் 92.35 சதவீதமான 55,410 டாலருக்கு 15.3 சதவீதம், ஏறத்தாழ 8,478 டாலர். சபை இதில் பாதியை ஈடு செய்யுமா என்று அழைப்பு நிபந்தனையிலேயே பேசுங்கள். அந்த ஈட்டுத்தொகைக்கும் வரி உண்டு.

வீட்டுப்படியைக் கொடுக்கத் தொடங்கும் முன் செஷன் தீர்மானமாக எழுதி நிறைவேற்றியிருக்க வேண்டும். பின்தேதியிட்டுச் செய்ய முடியாது. வருமான வரியிலிருந்து கழிவது மூன்றில் எது குறைவோ அது: தீர்மானித்த தொகை, உண்மையில் செலவானது, அந்த வீட்டின் நியாயமான வாடகை மதிப்பு. ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். சபை வரி பிடிக்காத பட்சத்தில் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். போதகர்களுக்கு வரி பார்த்துப் பழகிய கணக்காளரைப் பிரஸ்பிட்டரி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.